அப்பா இருந்த திருவல்லிக்கேணி: பழைய கடிதங்களில் வரும் இடங்களை யாராவது சொல்ல முடியுமா?

கோவில்பட்டிப்பெண்

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் அப்பா தவறிட்டாங்க. 1983-லிருந்து 85 வரைக்கும் அவங்க மெட்ராஸ்ல ஒரு மேன்ஷன்ல (ஆம்பளைங்க ரூமைப் பகிர்ந்து தங்கற விடுதி) தங்கி வேலை தேடினாங்க. அப்போ ஆச்சிக்கு எழுதின இன்லாண்ட் லெட்டர் பதினொண்ணு கிடைச்சிருக்கு. ஆச்சி எல்லாத்தையும் கம்பியில குத்தி, பத்தாயத்துப் பக்கத்துல தொங்கவிட்டிருந்தா. கம்பி ஓட்டை பல கடிதத்துல முத்திரை மேலயே விழுந்திருக்கு. அனுப்புநர் முகவரி இருந்த மடிப்பும் பிரிக்கும்போதே கிழிஞ்சு போச்சு. "திருவல்லிக்கேணி, மெட்ராஸ் 5" மட்டும்தான் மிச்சம்.

நான் சென்னைக்கு ரெண்டு தடவைதான் வந்திருக்கேன், ரெண்டும் ஆஸ்பத்திரிக்கு. அடுத்த மாசம் ஒரு நாள் முழுக்க ஒதுக்கி அப்பா நடந்த இடத்துல நடக்கணும்னு ஆசை. கடிதத்துல இருக்கற வரிகளை அப்படியே தர்றேன்:

"பெரிய தெருவை ஒட்டின சந்துலதான் ரூம். காலையில கோயில் மணி, அதுக்கு முந்தி பாங்கு. அலாரம் வேண்டாம்."

"பைகிராப்ட்ஸ் ரோட்டு பிளாட்பாரத்துல லாகரிதம் டேபிள் ரெண்டு ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே யாரோ பேர் எழுதி அடிச்சிருக்கு."

"கோஷா ஆஸ்பத்திரிப் பக்கமா நடந்தா கடல். காசு இல்லாத அன்னைக்கு அதுதான் சாயங்காலம்."

"மொட்டை மாடியில நின்னோம். ஊரே கத்துச்சு. கவாஸ்கர் பிராட்மேனைத் தாண்டிட்டாராம்."

இந்தத் தெருக்கள் இப்பவும் இருக்கா? மேப்ல தேடினா பாதி வரவே மாட்டேங்குது.

அல்லிக்கேணி

தங்கச்சி, தெருவெல்லாம் அப்படியேதான் இருக்கு, பேர்தான் மாறியிருக்கு. பைகிராப்ட்ஸ் ரோடு இப்போ பாரதி சாலை. திருவல்லிக்கேணி ஹை ரோடு காயிதே மில்லத் சாலை. கோஷா ஆஸ்பத்திரின்னா கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. 1885-ல பர்தா முறையில இருந்த பெண்களுக்காகத் தொடங்கினது, அதான் கோஷா. இன்னைக்கும் ஆட்டோவுல ஏறி "கோஷா" என்றால் போதும், வேறு கேள்வி கிடையாது. பெரிய தெரு பெரிய தெருவேதான்.

நான் அறுபது வருஷமா இங்கேயே இருக்கேன். பத்திரத்துல ஒரு பேர், வாயில ஒரு பேர் என்றுதான் இந்தப் பேட்டை ஓடுது. ஐஸ் ஹவுஸையே பாருங்க. அமெரிக்காவிலிருந்து கப்பல்ல வந்த ஐஸ்கட்டியைச் சேமிக்க 1842-ல கட்டின வீடு. ஐஸ் வியாபாரம் போன பிறகு ஒரு வக்கீல் வாங்கினார். 1897 பிப்ரவரியில விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கு அங்கே விடுதி நடத்தினாங்க. பலகையில விவேகானந்தர் இல்லம். ஐஸ் வர்றது நின்னு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, பஸ் கண்டக்டர் இன்னும் "ஐஸ் ஹவுஸ் இறங்கு" என்றுதான் கூவுறார்.

பழையபுத்தகம்

கவாஸ்கர் வரி இருக்கற கடிதத்துக்குத் தேதி சொல்லிடலாம். 1983 டிசம்பர் கடைசி வாரம், சேப்பாக்கம், எதிரணி வெஸ்ட் இண்டீஸ். அது அவருடைய 30-வது சதம். பிராட்மேன் 29-ல நின்னவர். ரன் கணக்கு தொடங்குறதுக்கு முன்னாடியே ரெண்டு விக்கெட் போய், நாலாவதா இறங்கி 236 எடுத்து அவுட் ஆகாம நின்னார்.

உங்க அப்பா டிக்கெட் வாங்கலை பாருங்க. மாடியில நின்னு சத்தத்துலேயே பார்த்திருக்கார். அந்த வசதி மேன்ஷன்காரங்களுக்கு உண்டு. சத்தத்தை வெச்சே ஃபோரா விக்கெட்டா என்று சொல்லிடுவாங்க.

ரூம்நம்பர்9

ஒரு சிக்கல் இருக்கு அக்கா. பெரிய தெருவை ஒட்டின சந்துல ஸ்டேடியம் சத்தம் அவ்வளவு தெளிவா வராது. நான் ரெண்டு பக்கமும் தங்கியிருக்கேன், 2011-லிருந்து அஞ்சு வருஷம். சேப்பாக்கம் சத்தம் மாடிக்கு வரணும்னா வாலாஜா ரோட்டுப் பக்கம், வல்லப அக்ரகாரம் மாதிரி இடமா இருக்கணும். கோஷா ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கம்தான். பெரிய தெருக்காரர் கடலுக்குப் போறதா இருந்தா கோயிலைச் சுற்றிக் கிழக்கே நேரா போயிருப்பார். கோஷா வழியா ஏன் சுத்தணும்?

மேன்ஷன் என்றால் என்னன்னு தெரியாதவங்களுக்காக: ரூமுக்கு மூணு பேர், நாலு பேர். ஒருத்தர் கட்டில்ல, மத்தவங்க தரையில. ஒரு மாடிக்கு ரெண்டு குளியலறை. காலையில பக்கெட்டை வரிசையில வெச்சுட்டுப் போய் டீ குடிச்சுட்டு வந்தா நம்ம பக்கெட் ரெண்டு இடம் முன்னாடி நகர்ந்திருக்கும், யாரும் தாண்ட மாட்டாங்க. கதவுல பெயின்ட்ல நம்பர். நான் வந்த முதல் வாரம் ஒரு புரோக்கர் அட்வான்ஸ் வாங்கிட்டு ஆளே காணாமப் போயிட்டான். பக்கத்து ரூம் அண்ணன் ஒருத்தர், ராமநாதபுரத்துக்காரர், பேர்கூட அப்போ எனக்குத் தெரியாது, "பையை உள்ளே வை, மாசக் கடைசி வரைக்கும் இங்கே படு" என்றார். வேலை கிடைக்கிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன். அந்த மாதிரி யாரோ ஒருத்தர் உங்க அப்பாவுக்கும் இருந்திருப்பார். கடிதத்துல தேடிப் பாருங்க.

குப்பத்துக்காரன்

ரூம் தம்பி சொல்றது சரி. கடல் பக்கத்திலிருந்து நானும் ஒண்ணு சேர்க்கறேன். அந்தக் காலத்துல எங்க பாட்டி காலையில மீன் கூடையோட பக்கிங்காம் கால்வாய்ப் பாலம் தாண்டி ஜாம் பஜார் வரைக்கும் நடக்கும். பறக்கும் ரயில் சேப்பாக்கத்துக்கு வந்தது 1995-ல, மயிலாப்பூர் வரைக்கும் நீண்டது 97-ல. அதுக்கு முன்னாடி மாடியிலிருந்து கிழக்கே பார்த்தா மறைப்பே கிடையாது. இப்போ பல மாடியிலிருந்து ரயில் பாலம்தான் தெரியுது. உங்க அப்பா கடலைப் பத்தி எழுதினது அவர் மாடியிலிருந்து பார்த்த கடலாகவும் இருக்கலாம்மா.

மயிலைமாடம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஐஸ் ஹவுஸ், ஜாம் பஜார் எல்லாவற்றையும் திருவல்லிக்கேணியில் சேர்த்துப் பேசுகிறோமே, எல்லை எது? ஐஸ் ஹவுஸிலிருந்து தெற்கே நாலு எட்டு வைத்தால் மயிலாப்பூர். பாரதி சாலையில் மேற்கே போனால் அமீர் மகால், அது ராயப்பேட்டை. ஆற்காட்டு நவாப் குடும்பம் 1876 முதல் அங்கேதான் இருக்கிறது. அதே குடும்பத்தின் பழைய அரண்மனை சேப்பாக்கத்தில், 1768-இல் கட்டியது. 1855-இல் பட்டம் பறிபோய், கடனுக்காக அரண்மனையும் ஏலத்துக்கு வந்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஒரு குடும்பம் அரண்மனையை விட்டு மூன்றாவது பேட்டைக்குப் போயிருக்கிறது, நடுவில் அவர்கள் கட்டிய பெரிய மசூதி திருவல்லிக்கேணியில். இதை எங்கே கோடு போட்டுப் பிரிப்பீர்கள்?

இன்னொன்று. திருமங்கையாழ்வார் "மாடமாமயிலைத் திருவல்லிக்கேணி" என்றுதான் பாடுகிறார். அவர் கணக்கில் நீங்கள் எல்லோரும் மயிலாப்பூர்க்காரர்கள்!

அல்லிக்கேணி

ஆழ்வார் வாக்குக்கு எதிர்ப்பேச்சு இல்லை ஐயா. ஆனால் "கண்டேனே" என்று பாட்டுக்குப் பாட்டு முடிக்கறது திருவல்லிக்கேணியைத்தான், மயிலையை அல்ல. பார்த்தசாரதி கோயில்ல தந்திவர்மப் பல்லவன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. கோயில் நிலத்தை அடகு வைக்க, அதனால நிவேதனம் குறைய, ஒருத்தர் கடனைத் தீர்த்து நிலத்தை மீட்டுக் கொடுத்ததாகச் சொல்லும். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தியே இங்கே அடகும் மீட்பும் நடந்திருக்கு. 1676-ல கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் கோல்கொண்டா சுல்தான்கிட்ட இதைத் தனிக் கிராமமாகத்தான் குத்தகைக்கு எடுத்தான். அப்போ மயிலாப்பூர் அவன் கையில இல்லை.

என் கணக்கு எளிது. பார்த்தசாரதி பெருமாள் புறப்பாட்டுச் சத்தம் கேட்டு வாசல்ல கோலம் போடற தெருவெல்லாம் திருவல்லிக்கேணி.

வாலாஜாவாசி

அண்ணே, அந்தக் கணக்குல என் வீடு வராதே! நான் ஹை ரோட்டுல பெரிய பள்ளிவாசலுக்கு எதிர்ச் சந்துல பிறந்தவன். எங்க வீட்டு வாசல்ல கோலம் கிடையாது. ஆனா என்னை ராயப்பேட்டைக்காரன் என்று யாராவது சொன்னா விட மாட்டேன்.

அல்லிக்கேணி

தப்புதான் தம்பி, திருத்திக்கறேன். கோலத்தை எடுத்துடுவோம். பிறந்த நாள்லேருந்து உங்க பாங்குக்குத்தான் நானும் எழுந்திருக்கேன்.

வாலாஜாவாசி

சங்கடம் ஒண்ணும் இல்லை அண்ணே. அந்த அக்கா எழுதின முதல் வரியே அதுதானே. "காலையில கோயில் மணி, அதுக்கு முந்தி பாங்கு." வரிசையைக்கூடச் சரியா எழுதியிருக்கார் அவங்க அப்பா. ஃபஜ்ர், அதாவது விடியற்காலைத் தொழுகைக்கான பாங்கு முதல்ல, அப்புறம்தான் கோயில்.

பள்ளிவாசலைப் பத்திக் கொஞ்சம் சொல்றேன், வர்றப்ப பார்க்கணும். 1795-ல கட்டினது. சாம்பல் நிறக் கருங்கல், மரமும் இரும்பும் இல்லாத கட்டடம். உள்ளே கட்டின ஆண்டைச் சொல்ற பாரசீக வரி கல்லுல வெட்டியிருக்கு. எழுத்துக்கெல்லாம் எண் மதிப்பு உண்டு, கூட்டினா வருஷம் வரும். அதை இயற்றியவர் நவாபிடம் வேலை பார்த்த ராஜா மக்கன் லால் கிராத் என்கிற இந்து அறிஞர். வாசல் பக்கம் காயிதே மில்லத் அடக்கம், 1972-ல மறைஞ்சவர். ஹை ரோட்டுக்கு இப்போ அவர் பேர்தான்.

நோன்பு மாசத்துல வந்தா சாயங்காலம் அஞ்சரைக்கு வாங்க. பந்தியில பரிமாறுறவங்க சிந்திக்காரங்க, மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்தவங்க. பிரிவினையில சிந்துவிலிருந்து அகதியா வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கி வெச்சது. சைவச் சாப்பாட்டை அவங்களே சமைச்சு வண்டியில கொண்டுவந்து, தலையில தொப்பி வெச்சுக்கிட்டு வரிசை வரிசையா வைப்பாங்க. பாங்கு சொல்ற வரைக்கும் தட்டை யாரும் தொட மாட்டாங்க, ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்தாலும் அந்த ரெண்டு நிமிஷம் காக்கா சத்தம்தான் கேட்கும். சின்ன வயசிலிருந்து பார்க்கறேன், அந்த ரெண்டு நிமிஷம் எனக்குப் பழகவே இல்லை.

மயிலைமாடம்

எல்லைக் கேள்வியை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தத் தங்கை கடிதத்திலேயே பதில் இருக்கிறது: "மெட்ராஸ் 5". பின்கோடு 5 என்றால் திருவல்லிக்கேணியும் சேப்பாக்கமும். 4 எங்கள் மயிலாப்பூர், 14 ராயப்பேட்டை, 2 சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம். தபால்காரர் போட்ட எல்லையை ஆழ்வாரும் நவாபும் ஒத்துக்கொள்ளட்டும்.

கோவில்பட்டிப்பெண்

எல்லாரும் எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ரூம்நம்பர்9 தம்பி சொன்ன பிறகு கடிதங்களை மறுபடி வரிசைப்படுத்தினேன். கவாஸ்கர் கடிதம் 83 டிசம்பர்னு தெரிஞ்சதால முன்னே பின்னே அடுக்க முடிஞ்சது. ஒண்ணுல ஓரமா சின்ன எழுத்துல இருக்கு: "ரூம் மாத்திட்டேன் அம்மா. வாடகை ஏறிருச்சு. இங்க நாலு பேர், ஆனா மாடி இருக்கு." அதை இத்தனை நாளா நான் கவனிக்கவே இல்லை. அப்போ ரெண்டு மேன்ஷன். பெரிய தெரு முதல்ல, ஸ்டேடியம் பக்கம் அப்புறம்.

ராமநாதபுரம் அண்ணன் மாதிரி ஒருத்தரும் இருக்கார். "பரமக்குடிக்காரர் ஒருத்தர் இன்டர்வியூவுக்கு அவர் சட்டையைக் கொடுத்தார், தோள்தான் கொஞ்சம் பெரிசு." பேர் எழுதலை.

ரூம்நம்பர்9

படிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியலை அக்கா. வாங்க. மேன்ஷன்ல பெண்களை மாடிக்கு விட மாட்டாங்க, கீழே மேனேஜர் மேஜை வரைக்கும்தான். நான் கூட வர்றேன், எங்க அண்ணிகிட்டயும் சொல்லிட்டேன், அவங்களும் வருவாங்க.

பழையபுத்தகம்

நடக்கற வழி. எட்டு மணிக்கு மேல வெயில் ஏறிடும், ஆறு மணிக்குத் தொடங்குங்க.

முதல்ல கோயில் குளம். கைரவிணின்னு பேர். அல்லிக் கேணிதான் ஊர்ப் பேர், ஊர் வந்ததே குளத்தாலதான். அப்புறம் கோயில். மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்கு மீசை உண்டு, நல்லாப் பாருங்க. உற்சவர் பார்த்தசாரதி முகத்துல பாரதப் போர்ல பட்ட அம்புத் தழும்பு. தேரோட்டியா நின்னு குதிரைக்கும் அர்ஜுனனுக்கும் வந்த அம்பை முகத்துல வாங்கினவர்.

வெளியே வந்தா துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுல பாரதி இல்லம். 1921 செப்டம்பர்ல அவர் உயிர் பிரிஞ்ச வீடு. இறந்தது யானை மிதிச்சு என்று இன்னும் பலர் சொல்றாங்க, அது தப்பு. கோயில் யானை தள்ளினது அதுக்குச் சில மாசம் முன்னாடி. அதிலிருந்து எழுந்து ஈரோடு பக்கம் போய்ப் பேசிட்டும் வந்தார். கடைசியில கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. அரசு அந்த வீட்டை நினைவில்லமாக்கினது 1993-ல. உங்க அப்பா அந்தத் தெருவுல நடந்தப்ப அது இன்னொரு வீடு, அவ்வளவுதான்.

அனுமந்தராயன் கோயில் தெருவையும் விடாதீங்க. ராமானுஜன் துறைமுகக் குமாஸ்தா வேலையை விட்டு, பல்கலைக்கழகம் கொடுத்த மாசம் 75 ரூபாய் உதவித்தொகையில கணக்குப் போட்ட காலத்துல அங்கே குடியிருந்தார். இந்து உயர்நிலைப் பள்ளியும் பெரிய தெருவுலதான். நோபல் பரிசு வாங்கின சந்திரசேகர் படிச்ச பள்ளி.

அங்கிருந்து பாரதி சாலைப் பிளாட்பாரம். பழைய புத்தகக் கடை குறைஞ்சிருக்கு, ஆனா இருக்கு. லாகரிதம் டேபிள் கேளுங்க, யார்கிட்டயாவது அடுக்குக்கு அடியில கிடக்கும்.

அல்லிக்கேணி

குளத்துக்கு ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்ப்பு. தெப்பம் மாசியில. அது வரைக்கும் தண்ணி நின்னா எங்களுக்கு நிம்மதி. வருஷா வருஷம் படியைப் பார்த்துக்கிட்டேதான் இருப்போம், எத்தனை படி நனைஞ்சிருக்குன்னு. 2015 டிசம்பர் மழைக்குப் பிறகு எத்தனை படி முங்கியிருந்ததுன்னு இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

காலை டிபன் என் வீட்டில். மறுக்கக் கூடாது.

கோவில்பட்டிப்பெண்

போயிட்டு வந்தேன். மூணு நாளா எழுத நினைச்சு இன்னைக்குத்தான் உட்கார்ந்தேன்.

குளத்துல பதினாலு படி வெளியே தெரிஞ்சது. அல்லிக்கேணி அண்ணன் வீட்டுல பொங்கல். அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டே பரிமாறினாங்க. பெரிய தெருச் சந்துல மேன்ஷன் நாலு இருக்கு, எதுன்னு யாராலயும் சொல்ல முடியலை. நாலு வாசல்லயும் நின்னேன், அது போதும்னு இருந்துச்சு.

வல்லப அக்ரகாரத்துப் பக்கம் மூணாவது வீட்டு மேனேஜர் வயசானவர். 1983-ன்னு சொன்னதும் கண்ணாடியைக் கழட்டினார். பழைய ரிஜிஸ்தர் எல்லாம் ஒரு மழையில போயிருச்சாம். மேலே போக விதி இல்லைன்னு சொன்னார், ஆனா ரூம்நம்பர்9 தம்பியைப் போகச் சொன்னார். தம்பி வீடியோ கால்ல மாடிக்கு ஏறினான். நான் படிக்குக் கீழே நின்னு போன்ல பார்த்தேன். கைப்பிடிச் சுவர்ல காரை பெயர்ந்திருக்கு. நைலான் கயிறு, அதுல பனியன், ஒரு வெள்ளைச் சட்டை. கொஞ்சம் திரும்பினப்ப ஸ்டேடியம் விளக்குக் கம்பம். கிழக்கே ரயில் பாலம், அதுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு நீலம். "அக்கா, அது கடல்தான்" என்றான்.

யாரோ ஒரு பையன் துணி எடுக்க வந்தான். தம்பி விஷயத்தைச் சொன்னதும் கேமராவைப் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்றான். கோவில்பட்டின்னேன். "நான் கழுகுமலை" என்றான். அதுக்கப்புறம் எனக்குப் பேச வரலை.

கோஷா ஆஸ்பத்திரி வழியா கடலுக்கு நடந்தோம். பதினேழு நிமிஷம் ஆச்சு, மெதுவாத்தான் நடந்தேன். லாகரிதம் டேபிள் கிடைச்சது. அறுபது ரூபாய். உள்ளே பேர் எழுதி அடிக்கலை, நான் அப்பா பேரை எழுதினேன்.

வாலாஜாவாசி அண்ணன் பள்ளிவாசலுக்குக் கூட்டிட்டுப் போய் வெளி முற்றத்துல உட்கார வெச்சார். அண்ணே, நோன்புக்குக் கண்டிப்பா வர்றேன்.

ஒரு கடிதம் மட்டும் மிச்சம் இருக்கு, அதுலதான் வேலை கிடைச்ச செய்தி. "மணிக்கூண்டுக்கு எதிர் மெஸ்ல எல்லாருக்கும் நான்தான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன், பரமக்குடிக்காரருக்கு ரெண்டு தடவை." திருவல்லிக்கேணியில மணிக்கூண்டு எங்கேன்னு நான் தேடாத இடம் இல்லை.

மயிலைமாடம்

அது ராயப்பேட்டை மணிக்கூண்டு அம்மா. பின்கோடு 14. ஜாம் பஜாரிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். மெஸ் இப்போது இருக்காது, கூண்டு இருக்கிறது. நீங்கள் வருகிற நாளைச் சொல்லுங்கள், இந்த முறை நான் வருகிறேன்.